யார் முதலில் குளிப்பது?

முதலில் தப்பு செய்தது என் மருமகள். நான் பேசாமல்தான் இருந்தேன்.

காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைப் பக்கம் போவேன். எங்கிருந்துதான் வருவாளோ, "ஒரே நிமிஷம் மாமா" என்று எனக்கு முன்னால் உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டுவிடுவாள். வீட்டுக்கு மூத்தவன் வெளியே காவல் நிற்க வேண்டும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சில நாள் குளித்துவிட்டு வெளியே வந்து ஒன்று சொல்வாள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"இன்னிக்கு ஹீட்டர் சரியில்ல மாமா. அடுப்புல தண்ணி வச்சுத் தரேன், பக்கெட்ல குளிச்சிடுங்க."

உள்ளே எட்டிப் பார்த்தால் கண்ணாடி முழுக்க ஆவி. ஷவரில் சொட்டுகிற தண்ணீர் கையைச் சுடுகிறது. எனக்குப் படிப்புதான் குறைவு. கண்ணில் ஒரு குறையும் இல்லை.

நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவன் நான். பச்சைத்தண்ணீர் ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மகன் அந்தக் கரண்ட் ஷவரையே வாங்கி மாட்டினான். குழாயைத் திருப்பினால் தண்ணீர் அங்கேயே சூடாகிக் கொட்டும். எனக்காக வாங்கியதில் அவள் சொகுசாகக் குளிப்பாளாம், எனக்கு ஒரு பக்கெட் அளந்து ஊற்றுவாளாம்.

மகனிடம் போட்டு உடைத்தேன்.

"கரண்ட் பில்லை என் தலையில மிச்சம் பிடிக்கிறாடா உன் பொண்டாட்டி."

"அவ எதையாவது சொல்லிக்கிட்டுத்தான் இருப்பா, விடுங்கப்பா. மெக்கானிக் வந்து பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டார். நானும் திறந்து பார்த்தேன், ஜம்முனு வேலை செய்யுது."

"அப்ப யாருடா பொய் சொல்றது? ஹீட்டரா, அவளா?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவளுக்கு முன்பே எழுந்தேன். பூனை மாதிரி நடந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். ஷவரைத் திறந்தேன். அடடா, அந்தச் சுகம்! இதையா எனக்குத் தரமாட்டேன் என்கிறாள்?

தலைக்கு சோப்பு போட்டு முடிக்கவில்லை, கதவு அதிர்ந்தது.

"மாமா! உள்ள நீங்களா? வெளிய வாங்க மாமா!"

"வரமாட்டேன். இன்னிக்கு நீ நில்லு வெளிய."

"சொன்னாக் கேளுங்க மாமா. எதையும் தொடாதீங்க!"

"என் மகன் வாங்கின குழாயைத் தொட உன்கிட்ட உத்தரவு வாங்கணுமோ?"

வீம்புக்கென்றே குழாயைப் பார்த்துக் கையை நீட்டினேன். பட்டென்று விளக்கு அணைந்தது. தண்ணீர் சில்லிட்டுத் தலையில் இறங்கியது. மெயினையே அணைத்துவிட்டாள்!

இடுப்பில் துண்டும் கண்ணில் சோப்புமாக வெளியே வந்து, வீடு இரண்டாகக் கத்தினேன். மகன் தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்தான்.

"குளிக்கிற மனுஷன் தலையில பச்சைத்தண்ணி ஊத்துறாடா! நீயே கேளு!"

"காலங்காத்தால என்ன இது? உனக்குப் பைத்தியமா?" என்று அவளை ஒரு முறை முறைத்துவிட்டு, மெயினைப் போட்டு உள்ளே போனான். ஷவரைத் திறந்துவிட்டான். ஆவி கிளம்பியது.

"எங்க, கோளாறு எங்க? ரெண்டு பேரும் நல்லாப் பாருங்க."

"மூடாதீங்க, கை வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே அவள் மெயினைப் பார்த்து ஓடினாள்.

அவன் குழாயில் கை வைத்தான்.

அடுத்த நொடி பின்னால் துள்ளி, ஈரத் தரையில் பொத்தென்று விழுந்தான். விளக்கு மறுபடி அணைந்தது.

ஷவர் மட்டும் சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"நீ ஷாக் அடிக்குதுன்னு சொன்னது… இதையா?" மகன் கையை உதறிக்கொண்டே கேட்டான்.

"ஆரம்பத்துல லேசா சுர்ருங்கும். அதுவும் சில நாள்தான், நல்லா சூடேறினப்புறம். சொன்னேன், பிரமைன்னு சிரிச்சீங்க. மெக்கானிக் பச்சைத்தண்ணியிலயே பார்த்துட்டுப் போயிட்டார்."

"தெரிஞ்சுமா தினம் நீ அதுல போய்க் குளிச்சே?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"சூடேற விட்டுத் தொட்டுப் பார்த்தாத்தானே தெரியும்? அடிக்காத நாள்ல மாமாவை உள்ள விட்டேன். அடிச்ச நாள்ல அடுப்புல தண்ணி வச்சேன். அவர் நெஞ்சு தாங்குமா இதெல்லாம்?"

சோப்பு காய்ந்து என் முகம் இழுத்தது. துடைக்கத் தோன்றவில்லை.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"ஹீட்டர் சரியில்ல, சரியில்லன்னு சொல்லிக்கிட்டுத்தானே மாமா இருந்தேன்."

அன்றைக்கே அதைக் கழற்றித் தூரப் போட்டோம். புது ஷவர், வேறு மெக்கானிக். எர்த் வயர் வரைக்கும் பார்த்தாயிற்று.

அடுத்த நாள் காலையில் துண்டோடு போய் முதல் ஆளாக நின்றேன். வந்துவிட்டாள்.

"ஒரே நிமிஷம் மாமா."

"தள்ளு. புதுசும் அடிச்சா என்னை அடிக்கட்டும். நான் வாழ்ந்து முடிச்சவன்."

"நல்லா இருக்கே நியாயம்! போய் மெயின்கிட்ட நில்லுங்க. நான் கத்தினா அணைக்கணும்."

தாழ்ப்பாள் விழுந்தது.

இப்போதெல்லாம் தினமும் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மூத்தவன் நான். முதலில் உள்ளே போகிற உரிமை எனக்குத்தான் சேர வேண்டும். அவள் இன்னும் கொடுத்தபாடில்லை.