நாற்பத்திரண்டாவது மனு

படக்கென்று இரண்டாகக் கிழித்துவிட்டாள் அந்தக் கிளார்க் பெண்.

முருகேஸ்வரி அந்தத் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டாள். எஸ்டேட்டில் லீவு சொல்லி, ஜீப்பில் தொற்றி, பஸ் மாறி இந்தத் தாலுகா ஆபீசுக்கு வந்தவள். சூப்பிரண்டு டின்சி மேடம் பாவம் பார்த்து மலையாளத்தில் எழுதிக் கொடுத்த மனு அது.

"ஏம்மா, எழுதின தாளக் கிழிச்சுப்புட்டியே! நீயெல்லாம் நல்லாருப்பியா?"

"தமிழ்ல எழுதிக் கொண்டாங்கக்கா. உங்க கையாலயே." கிளார்க் ஜீவிதா ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள்.

"எட்டாங்கிளாஸோட நின்னவ நான். கையெழுத்தத் தவிர ஒண்ணும் எழுதுனதில்ல."

"கையெழுத்துப் போடற கை இதையும் எழுதுமுங்க."

வரிசையில் பின்னால் நின்ற பொன்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து எஸ்டேட்காரர்.

"ஒரு வாரமா இதே கூத்துதான். எனக்கு எழுத்துக்கூட்டி முடிக்க அரை நாளாச்சு. மலையாளத்தம்மா உதவுது, இந்தத் தமிழ்க்காரி உயிர வாங்குறா. உள்ள திருவனந்தபுரத்து ஆபீசர் உக்காந்திருக்காரு. எந்த ஆபீசுக்கு எத்தன ஆளு வேணும், எது வேண்டாம்னு பாக்க வந்தவராம். அவர்ட்டச் சொல்லு."

முருகேஸ்வரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அதிகாரி முழுவதையும் கேட்டார். மலையாளத்தில்தான் பதில் சொன்னார். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது புரியாமல் போகுமா?

"நீங்கள் புகாரே தர வேண்டாம். அந்த வேலையையே எடுக்கத்தான் வந்திருக்கிறேன்."

டின்சியையும் ஜீவிதாவையும் கூப்பிட்டார்.

"தமிழ் தெரிந்த கிளார்க் என்று இங்கே ஒரு பணியிடம். மூன்று வருடத்தில் பதிவான தமிழ் மனு எத்தனை? பூஜ்யம்! சாதாரண கிளார்க் பணியிடமாக மாற்றி, ஆள் பற்றாத ஆபீசுக்குக் கொடுத்துவிடலாம்."

"வர்றவங்க கஷ்டப்பட வேண்டாமேனு நானே எல்லாருக்கும் மலையாளத்துல எழுதிக் கொடுத்துட்டேன் சார்," என்றாள் டின்சி மெதுவாக.

ஜீவிதா ஒரு கட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள்.

"அதனாலதானுங்க பூஜ்யம். போன வாரம் நீங்க அனுப்புன, எடுக்கப்போற வேலைங்க லிஸ்ட்டப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. இந்த ஒரு வாரத்துல நாப்பத்தொண்ணு வந்திருக்குதுங்க. இதைப் படிக்க ஆள் வேண்டாமுங்களா?"

"நீ மிரட்டி வாங்கியது. இதோ, இந்த அம்மாவே உன்மேல் புகார் சொல்கிறார்." அவர் முருகேஸ்வரியிடம் திரும்பினார். "உங்களுக்குத்தான் மலையாளம் நன்றாகப் புரிகிறதே. பிறகு தமிழ் மனு எதற்கு?"

முருகேஸ்வரி வாய் திறப்பதற்குள் ஜீவிதா கட்டோடு கொண்டுவந்திருந்த ஒரு பழைய ஃபைலைப் பிரித்தாள்.

"போன வருசமும் வந்தீங்கக்கா. என்னன்னு சொன்னீங்க?"

"நாங்க குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குப் பின்னாடி மேட்டுல மண்ணு வெடிச்சிருக்கு, மழைக்கு முந்தி வந்து பாருங்கன்னு. ஒருத்தரும் வரல."

"இதுல, 'வீட்டின் பின்சுவரில் விரிசல், பூசித் தர வேண்டும்'னு இருக்குது. சுவர் பூசறது எஸ்டேட் வேலைன்னு ஃபைல மூடிட்டாங்க. கையெழுத்து உங்களுதுதான்."

டின்சியின் முகம் வெளுத்தது. "வெடிப்புனு சொன்னீங்க... நான் சுவருன்னு நினைச்சேன்."

முருகேஸ்வரி அந்தப் பழைய தாளையே பார்த்தாள். ஆறு வீடு. பதினேழு உயிர். ஒரு மழைக்காலம் முழுக்க அதன் அடியில் படுத்து எழுந்திருக்கிறார்கள்.

அதிகாரியின் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். கேட்கவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன செய்கிறீர்கள்?"

"எழுதுறேன் சார்."

"வெளியே போய்..."

"இங்கதான் எழுதுவேன். நீங்க பாக்கணும்ல, நான் மிரட்டலுக்கு எழுதுறேனா, மனசோட எழுதுறேனான்னு."

கோணல்மாணலாய் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. கால் மணி நேரம். முடித்துத் தாளை அவர்முன் தள்ளினாள்.

"மலையாளம் கேக்கத் தெரியும் சார். என் தலைக்கு மேல நிக்கிற மண்ணப் பத்திச் சொல்ல எனக்கு என் பேச்சுதான் வரும். அதப் படிக்க இந்த ஆபீசுல ஆளு இருக்கணும். இல்லாட்டி நாளைக்கு எங்க எஸ்டேட்டே வந்து வாசல்ல உக்காரும். எண்ணிக்கிடுங்க, இது நாப்பத்திரெண்டு."

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். ஓர் எழுத்தும் அவருக்குப் பிடிபடவில்லை. ஜீவிதாவிடம் நீட்டினார். "படி."

"'மேட்டு வெடிப்புல முழங்கை வரைக்கும் உள்ள போகுது. கீழ ஆறு வீடு இருக்கு. போன வருசமே சொன்னோம்.'"

அதிகாரி சர்வேயரை அன்றைக்கே அனுப்பச் சொன்னார். பட்டியலில் 'நீக்கலாம்' என்றிருந்ததை அடித்து, 'தொடர வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜீவிதா தாளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

வராந்தாவில் முருகேஸ்வரி டின்சியிடம் சொன்னாள்: "கிழிச்சப்ப வயிறெரிஞ்சு திட்டிப்புட்டேன் மேடம். பாவம், அவளும் தன் வேலையக் காப்பாத்தணும்ல."

டின்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ வேலை போகாது முருகேஸ்வரி. இந்த இடத்த எடுத்திருந்தா, நாளைக்கே அவளுக்கு, ஆள் பத்தாத சொந்த ஊர் சித்தூர் ஆபீசுக்கு மாத்தல். ரெண்டு வயசுப் பிள்ளைய அங்க விட்டுட்டு வந்து, அந்த மாத்தலுக்குத்தான் ஒரு வருசமா எழுதிப் போட்டுட்டிருந்தா."