தகவல் மட்டும்

ஆம்பூர் ஷூ கம்பெனி முதலாளி தௌசீப் அகமதிடம் இரண்டு சைபர் பாதுகாப்பு நிறுவனங்கள் வந்தன. ஒன்று, ஹேக்கர் நுழைந்தால் தானே தடுக்கும். மற்றது தகவல் மட்டும் சொல்லும்.

"தகவல் சொன்னா போதும். தடுக்க நம்மகிட்டயே ஆள் இருக்கு," என்று இரண்டாவதை எடுத்தார்.

ஒரு நாள் மதியம் கம்ப்யூட்டர்கள் எல்லாம் முடங்கின. ஏற்றுமதி நின்றது. பாதுகாப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"இன்னா சார் இது? ஏன் முன்னாடியே சொல்லல?"

"காலையிலயே சொன்னோம் சார். நீங்க குடுத்த நம்பர்ல தமிழினி மேடம் எடுத்தாங்க. உடனே உங்களுக்குச் சொல்றேன்னாங்க."

ஹேக்கரைத் தடுக்க தௌசீப் வைத்திருந்த ஒரே ஆள் தமிழினிதான். 'காவலுக்குத்தான் கம்பெனி வந்துடுச்சே' என்று அவளைப் போன மாதம்தான் வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். இன்று காலை அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். வேலை கேட்டுக் கெஞ்சத்தான் கூப்பிடுகிறாள் என்று அவர் எடுக்கவே இல்லை.