கறை படாத புடவை

"ஏங்க, அந்தப் பொம்பளைக்கு மட்டும் எப்படிங்க புடவை கசங்கவே மாட்டேங்குது?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் ஸ்டெல்லா. அவள் இடுப்பில் ஜெனிஷா. தோளில் ஜெனிஷா கக்கிய பால். நாலு வயது கிளமென்ட் அவள் நைட்டியின் ஓரத்தை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருந்த ஃபெலிக்ஸ் கண்ணைத் திறக்கவில்லை. "எந்தப் பொம்பளை?"

"எதிர் குவார்ட்டர்ஸ் திலகவதிதான். ராஜஸ்தான்லேருந்து டிரான்ஸ்ஃபர்ல வந்தாரே இசக்கிமுத்து சார், அவரு சம்சாரம். அவங்க வூட்லயும் ரெண்டு வாலுங்க இருக்குது. ஆனா பாருங்க, சந்தனக் கலர்ல புடவை கட்டிக்கினு நிக்கறாங்க. அதுவும் நெய்வேலியில! கொடியில துணி போட்டா கரித்தூள் படியற ஊர்ல!"

"அதனால உனக்கென்ன வந்தது?"

என்ன வந்ததா? ஸ்டெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன கிறிஸ்துமஸில் எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட நாத்தனார் மேரிசெல்வி, 'ஸ்டெல்லா மட்டும் பாத்திரம் கழுவிட்டு அப்படியே வந்துட்டாளா?' என்று எழுதியிருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாம் கீழே விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். அன்றைக்கு ஸ்டெல்லா பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது ஃபெலிக்ஸுக்குத் தெரியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெனிஷாவுக்கு முதல் பிறந்த நாள். மேரிசெல்வி வருவாள், போனும் கையுமாக. அன்றைக்கு ஒரே ஒரு போட்டோவிலாவது மனுஷி மாதிரி நிற்க வேண்டும். ஸ்டெல்லா கேட்டது அவ்வளவுதான்.

கறை தெரியாது என்று கறுப்புப் புடவை கட்டிப் பார்த்தாள். ஜெனிஷா அதன்மேல் பவுடர் டப்பாவைக் கவிழ்த்தாள். வேறு வழியில்லாமல் எதிர் வீட்டைக் கவனிக்க ஆரம்பித்தாள். கவனிக்கக் கவனிக்க ஆச்சரியம்தான் கூடியது.

ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும்போது பையன் சுபாஷ் திலகவதியின் முந்தானையைத் தொடுவதே இல்லை. கை எட்டாத தூரத்தில் சமர்த்தாக நிற்கிறான். மூன்று வயது கயல் கீழே விழுந்தால்கூட அவளிடம் ஓடுவதில்லை. "அப்பா" என்று அழுதுகொண்டே உள்ளே போகிறது. சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சோறு ஊட்டுவதும் இசக்கிமுத்துதான்.

"பாத்தீங்களா? மைன்ஸ்லேருந்து வந்து யூனிஃபார்மைக்கூடக் கழட்டாம ஊட்டறாரு மனுஷன். எனக்கும் வாய்ச்சிருக்கீங்களே!"

"நான் ஊட்டினா உன் புள்ள வாயையே தொறக்க மாட்டேங்குது" என்று ஃபெலிக்ஸ் புரண்டு படுத்தான்.

அதற்குமேல் பொறுக்க முடியாமல், திலகவதி கொடியில் துணி எடுக்க வந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா நேராகவே கேட்டுவிட்டாள். அப்போதும் கஞ்சி போட்ட காட்டன். பேருக்குக்கூட ஒரு சுருக்கம் இல்லை.

"திலகா, தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ளைங்களை எப்படிங்க இப்படிப் பழக்கினீங்க? மேல ஒரு கறை இல்லியே! எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

திலகவதி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. "நான் ஒண்ணும் பழக்கலக்கா."

அவள் கிளமென்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் வாழைப்பழக் கையோடு ஸ்டெல்லாவின் காலைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நானும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இவன் எப்பவும் உங்க மேலயே விழுந்து கெடக்கானே, அதுக்கு நீங்க என்னக்கா செய்வீங்க?"

ஸ்டெல்லாவுக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. வீட்டுக்குள் வந்ததும் வெடித்தாள்.

"என்னா நக்கல் பாத்தீங்களா? அழுக்கு மூட்டைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். இவங்களைப் போயி பிறந்த நாளுக்குக் கூப்பிட்டுத் தொலைச்சிட்டேனே!"

ஞாயிற்றுக்கிழமை கேக் வெட்டுகிற நேரம் வரைக்கும் ஸ்டெல்லா நைட்டியிலேயே இருந்தாள். கடைசி நிமிடத்தில்தான் மந்தாரக்குப்பத்தில் வாங்கிய நீலப் புடவைக்கு மாறினாள். மேரிசெல்வி போனைத் தூக்கவும், ஜெனிஷா கேக்கில் கையை விட்டு அம்மாவின் தோளில் பூசவும் சரியாக இருந்தது.

"உனக்குன்னு அமையுது பாரு ஸ்டெல்லா!" மேரிசெல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதோ, அவங்க வூட்லயும்தான் சின்னப் புள்ளைங்க இருக்கு. எப்படி வந்திருக்காங்க பாரு!"

கதவோரம் திலகவதி நின்றாள், பளிச்சென்று வெண்பட்டில். ஸ்டெல்லாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில் பலூன் ஒன்று படாரென்று வெடித்தது. கை நிறையக் கேக்கோடு நின்றிருந்த கயல் வீலென்று அலறியது. இசக்கிமுத்து வெளியே ஃபெலிக்ஸோடு பேசிக்கொண்டிருந்தார். குழந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு ஒரே ஓட்டமாக ஓடி, திலகவதியைக் கட்டிப் பிடித்து, கண்ணீர், மூக்குச்சளி, க்ரீம் எல்லாவற்றையும் அந்தப் பட்டிலே தேய்த்தது.

"ஐயையோ, பட்டு போச்சே!" என்றாள் மேரிசெல்வி.

திலகவதி அசையவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பொய் சொல்வானேன், ஸ்டெல்லாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் ஈரத்துணியோடு ஓடினாள்.

"அழாதீங்க திலகா. காயறதுக்குள்ள துடைச்சா போயிடும். புள்ளையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க."

"வேண்டாம்க்கா, துடைக்காதீங்க." திலகவதி குழந்தையை அப்படியே தூக்கித் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். "இவங்க அம்மா தவறினதுக்கு அப்புறம் கட்டிக்கிட்டு வந்தவ நான். இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் இவ என்னைத் தேடி ஓடி வந்திருக்கா."