தலைவர் காத்த ஏழு சங்குகள்

காலிச் சங்குகளுக்குள் குடியிருக்கும் நண்டுகள் ஒரு கடற்கரையில் இருந்தன. அவற்றுக்கு ஒரு தலைவர் இருந்தார். முன்னோர்கள் குடியிருந்த ஏழு பழைய சங்குகளை அவர் தேடிப் பிடித்து, மணல்மேட்டில் வரிசையாக வைத்திருந்தார். தினமும் துடைப்பார். அவற்றுக்கு என்ன ஆகுமோ என்று அவருக்கு எப்போதும் கவலைதான்.

ஒரு நாள் ஒரு பெண் நண்டு ஓடி வந்தாள். அவளுடைய சங்கு உடைந்து முதுகு வெளியே தெரிந்தது. மேலே காக்கா வட்டமிட்டது.

"ஐயா, இதில் ஒன்று கொடுங்கள். வெறும் உடம்போடு நிற்கிறேன்."

"இதெல்லாம் நம் ஊரின் பெருமை, தாயி. குடியிருக்கிற இடமா? பார்த்துவிட்டுப் போ."

"நான் பார்த்துக்கொண்டு நின்றால் காக்கா விட்டுவிடுமா?"

"மனு கொடு. கூட்டத்தில் வைக்கிறேன்."

காக்கா தாழ்ந்து வந்தது. அவள் சட்டென்று கடைசிச் சங்குக்குள் பின்பக்கமாக நுழைந்துவிட்டாள். தலைவர் கத்திப் பார்த்தார். அவள் வெளியே வரவே இல்லை.

சாயங்காலம் கடல் பொங்கியது. நண்டுகள் எல்லாம் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டன. தண்ணீர் வடிந்தபோது மேட்டில் ஒரு சங்குகூட இல்லை. தலைவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பாறை இடுக்கிலிருந்து ஏழாவது சங்கு மெல்ல நடந்து வந்தது.

"ஐயா, மனு கொண்டு வரட்டுமா?" என்றாள் உள்ளே இருந்தவள்.

தலைவர் வழக்கம்போல் சங்கைத் துடைக்கப் போனார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"உள்ளே இடம் போதுமா, தாயி?" என்று கேட்டார்.