பல் தடம்

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று செல்போனை நீட்டினாள் அவள். படத்தில் அவளுடைய மகளின் குட்டிக் கை. முழங்கைக்குக் கீழே வரிசையாகப் பல் தடம்.

"யாரு, நம்ம மேடத்தோட பையனா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி. அலுவலகத்தில் அவளுக்கு 'வானொலி' என்று பெயர்.

"வேற யாரு? ஒரே வாரத்துல ரெண்டாவது கடி!"

அது ஒரு பொருளாதார ஆராய்ச்சி நிறுவனம். கீழ்த்தளத்தில் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம். மேல்மாடியில், குழந்தை பெற்ற பெண்கள் ஏன் வேலையை விட்டுவிடுகிறார்கள் என்று மேடம் தலைமையில் ஓர் ஆராய்ச்சி.

ஊர் ஊராகக் கேட்டு வந்த பதில்களைக் கணினியில் ஏற்றுவதுதான் செல்போனை நீட்டியவளின் வேலை. ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண் உண்டு. 'பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை' என்றால் நான்கு. நான்கு, நான்கு என்று தட்டித் தட்டி, விசைப்பலகையில் அந்த எண்ணே அழிந்து போயிருந்தது.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்று குரலைத் தாழ்த்தினாள் வானொலி. "மேடம் வீட்டுக்காரர் பிள்ளைங்க புத்தகத்துக்குப் படம் வரையறவர். நாள் முழுக்க வீட்டுலதான் இருக்காராம். அப்பா வீட்டுல இருக்கும்போது பிள்ளைக்கு எதுக்குக் காப்பகம்?"

"இலவசமாச்சே!"

"அக்கவுன்ட்ஸ் சார் பொண்ணு ஸ்கூல்ல சேந்துட்டதால வெள்ளிக்கிழமையோட காப்பகத்துல இருந்து நின்னுச்சு. திங்கக்கிழமை காலையில மேடம் பையன் டாண்ணு வந்து உக்காந்துட்டான். இடம் காலியானதும் அமுக்கிட்டாங்க பாரு!"

எதிர் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார் 'முனைவர்'. டாக்டர் பட்டம் வாங்கிய சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"சும்மா கிடைச்சா, தேவையே இல்லாதவங்களும் கை நீட்டுவாங்க. எங்க பாடத்துலயே இருக்கு."

"அந்தப் பாடத்தை மேடமும்தானே படிச்சாங்க?" என்றாள் வானொலி. மூன்று பேரும் சிரித்தார்கள்.

கடிபட்ட பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது.

"என் நிலைமையைப் பாருங்க. எங்க வீட்டுக்காரருக்கு டிரைவர் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அம்மா வீடு, மாமியார் வீடு ரெண்டுமே தூரம். காப்பகம் இல்லைன்னா நான் இந்த நாற்காலியிலயே இல்ல. அங்கயும் வசதியானவங்க பிள்ளை வந்து கடிச்சா நான் எங்க போவேன்? அந்தப் பையனை நிறுத்தச் சொல்லி மேனேஜர்கிட்ட கேக்கத்தான் போறேன்."

"போ, போ. நாங்க இருக்கோம்" என்று இருவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே துணைக்கு வந்தார்கள்.

மேனேஜர் அறை கீழ்த்தளத்தில், காப்பகத்தைத் தாண்டி. காப்பக ஜன்னலோரம் ஒருவர் குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் வண்ணக் கறை. கக்கத்தில் ஒரு குட்டிப் போர்வை.

அவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா! என்னைப் பாத்துட்டான்னா வீட்டுக்குப் போலாம்னு அழ ஆரம்பிச்சுடுவான். போர்வையை விட்டுட்டு வந்துட்டான், குடுக்க வந்தேன்."

மேடம் வீட்டுக்காரர்! நல்லதாகப் போயிற்று, இவரிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. வீட்டுல நீங்க இருக்கீங்களே, அப்புறம் எதுக்கு சார் பிள்ளையை இங்க விடறீங்க?"

"இதையேதான் நானும் அவகிட்ட தினம் கேக்கறேன்" என்று பெருமூச்சு விட்டார். "அவன் இல்லாம வீடு வெறிச்சுன்னு இருக்குங்க. யானை வரைஞ்சா, தும்பிக்கை கோணல்னு சொல்லக்கூட ஆள் இல்ல."

"அப்புறம்?"

"அஞ்சு பிள்ளைக்குக் குறைஞ்சா காப்பகத்தை மூடணும்னு இங்க ஒரு விதியாம். ஒரு பொண்ணு ஸ்கூலுக்குப் போனதும் நாலு பேர்தான் மிச்சம். விதியை மாத்தச் சொல்லி இவ சண்டை போட்டுக்கிட்டு இருக்கா. அதுவரைக்கும் அஞ்சாவதா நம்ம பையன் போகட்டும்னுட்டா."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த மூணு பேர் எப்படியாவது சமாளிச்சுப்பாங்களாம். மேல டேட்டா பிரிவுல ஒரு பொண்ணு இருக்காளாம், வீட்டுக்காரர் டிரைவராம். மூடினா மறுநாளே வேலையை விடறதைத் தவிர அவளுக்கு வேற வழியில்லையாம். 'ஏன் வேலையை விட்டீங்கன்னு ஊரெல்லாம் கேட்டு அரசாங்கத்துக்கு யோசனை சொல்றோம். நம்ம ஆபீஸ்லயே ஒருத்தியை விட வைக்கலாமா?'ங்கறா. இது அந்தப் பொண்ணுக்குத் தெரியக்கூடாதாம், சங்கடப்படுவாளாம். நீங்களும் சொல்லிடாதீங்க."

இத்தனை நாள் அவள் யார் யாருக்கோ தட்டிய எண் நான்கு. அடுத்தது அவளுடையதாக இருந்திருக்கும்.

உள்ளே அந்தப் பையன் தன் தொப்பியைக் கழற்றி அவள் மகளின் தலையில் வைத்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடிவிட்ட தொப்பிக்குள்ளிருந்து குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது.

"ஏதோ சொல்லணும்னீங்களே?" என்றார் அவர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

"ஒண்ணுமில்லை சார். உங்க பையனுக்குப் பல்லு ரொம்ப உறுதி. அதைச் சொல்லத்தான் வந்தேன்."