ஒரு மீட்டர் நாற்பது

காலை ஆறு நாற்பது. இருபத்துமூன்று பழைய டயர்கள். தெருமுனையில் கிடந்த அவற்றை ஒவ்வொன்றாக உருட்டி அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார் சைரன்.

தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் தெருவே வழிவிடும் என்பதால் அந்தப் பெயர்.

“பாத்தீங்களா மும்முரத்தை? பல்லுகூட விளக்கியிருக்க மாட்டார்” என்றாள் பக்கத்து வீட்டுத் தையல்காரி, ஜன்னல் வழியாக.

“உருட்டிட்டுப் போறார். உனக்கென்ன?” என்றான் கணவன்.

“எனக்கென்னவா? ஒரு மீட்டர் நாற்பது பிடுங்கியாச்சு. அது பத்தலைன்னு மறுபடி அளக்க மனு போட்டிருக்கார் அந்த மனுஷன். ஆபீஸ்லயே சொன்னாங்க.”

தையல் அறைக்கு மேல் மாடி எடுக்க அவள்தான் அனுமதி கேட்டிருந்தாள். மூன்று வாரம் முன்பு ஒரு சர்வேயர் வந்தார். அவள் வாசலிலேயே செயற்கைக்கோள் கருவியை நிறுத்தினார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. அறை சைரனின் நிலத்துக்குள் ஒரு மீட்டர் நாற்பது போயிருக்கிறதாம். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

நாலு மெஷின், மூன்று பெண்களின் சம்பளம், அவள் வீட்டு அடுப்பு, எல்லாம் அந்த அறையை நம்பித்தான்.

எட்டு மணிக்கு வந்தது வேறு சர்வேயர், ஒரு அம்மா. வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகத் தெருமுனைக்குப் போய், டயர் கிடந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைத் தள்ளினார். சிமென்ட்டுக்குள் ஒரு பித்தளைக் குமிழ் தெரிந்தது.

தையல்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“மேடம், எங்க வீடு அங்க இருக்கு. இங்க என்ன தேடறீங்க?”

“உங்க வீட்டைத்தாம்மா தேடறேன்.” சர்வேயரம்மா குமிழுக்கு நேர் மேலே கருவியை நிறுத்தினார். “நாடு முழுக்க அரசாங்கம் பதிச்சிருக்கிற குறிகள்ல இது ஒண்ணு. இது எந்த இடம்னு நகக்கண் அளவுக்குத் துல்லியமா எழுதி வச்சிருக்கு. நிலத்து வரைபடமெல்லாம் இதை ஒட்டித்தான்.”

“போன தடவை வந்தவர் இதைச் சீண்டவே இல்லையே?”

“மேல டயர் குவிஞ்சிருந்தா எப்படித் தெரியும்? இப்பவும் நாங்க சொல்லித்தான் எடுத்து வச்சிருக்காங்க. அவர் உங்க வாசல்ல நின்னு, ‘நான் எங்கே இருக்கேன்’னு கருவிகிட்டயே கேட்டிருக்கார். அது தனியா சொன்னா ஒண்ணு ரெண்டு மீட்டர் முன்னப்பின்ன இருக்கும். அதையே நம்பி மத்ததையெல்லாம் அளந்துட்டார். அளந்தது சுத்தம். ஆரம்பிச்ச இடம்தான் தப்பு.”

“அப்போ என் அறை?”

“அளந்துட்டுச் சொல்றேன்.”

பின்னாலிருந்து முழங்கினார் சைரன். “மேடம், ஒரு விரக்கடைகூட விடாதீங்க! யாருக்கும் பாவம் பாக்காதீங்க!”

“கேட்டீங்களா? கொஞ்சமாவது ஈரம் இருக்கா?” என்று கணவனிடம் பல்லைக் கடித்தாள் தையல்காரி.

சர்வேயரம்மா இன்னொரு கருவி பொருத்திய கம்பத்தோடு, இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதிலோரம் நடந்தார். நின்றார், பொத்தானை அழுத்தினார், நடந்தார். அறைக்குள் ஒரு மெஷினும் ஓடவில்லை. மூன்று பெண்களும் ஜன்னலில் நின்றார்கள்.

பத்தே காலுக்குக் கம்பத்தை மதிலில் சாய்த்தார்.

“வரைபடத்துல எங்கே இருக்கணுமோ அங்கேதாம்மா மதில் இருக்கு. ரெண்டு சென்டிமீட்டர் வித்தியாசம், அதை யாரும் கேக்க மாட்டாங்க. உங்க அறை உங்க இடத்துலதான் நிக்குது. இடிக்க வேண்டாம்.”

தையல்காரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் தண்ணீர் கொண்டுவந்தான். உள்ளே யாரோ ஒரு மெஷினை மிதித்து ஓடவிட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே டம்ளரைக் காலி செய்தாள்.

தண்ணீர் இறங்கியதும் வாய் திரும்பி வந்தது.

“என்ன சார், ஒரு மீட்டர் நாற்பது கைவிட்டுப் போச்சே! சாப்பாடு இறங்குமா இன்னைக்கு?”

சைரன் சட்டையில் ஒட்டியிருந்த டயர்க் கரியைத் தட்டினார்.

“முதல்ல அந்த மெஷினுக்கு எண்ணெய் போடும்மா. இத்தனை வருஷமா என் காது போகுது!”

தெருவுக்கே கேட்டது. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“வயித்தெரிச்சல்!” என்றாள். ஜன்னலில் மூன்று பெண்களும் சிரித்தார்கள்.

மார்ச் ஒன்பதாம் தேதி, திருத்திய வரைபடம் அவளுக்குத் தபாலில் வந்தது. சைரன் போட்ட மனுவின் நகலும் கூட இருந்தது. ‘மறுபடி அளக்கக் கோரும் காரணம்’ என்ற இடத்தில் எழுதியிருந்தார்: “அந்த மதில் எழுப்பியபோது கூட நின்று நூல் பிடித்தவன் நான். புதிய அளவில் எனக்கு ஒரு மீட்டர் நாற்பது கூடுதலாகக் காட்டியிருக்கிறார்கள். அது என்னுடையது அல்ல.”