மோட்டார் சண்டை

டாக்டர் நூர்ஜஹான் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"ரத்தம், மூச்சு, தூக்கம், குடல்னு உங்க கைப்பட்டை ஒரு வருஷமா கோடிக்கணக்குல எண்களை அனுப்பியிருக்கு. அத்தனையையும் சலிச்சதுல ஒண்ணே ஒண்ணுதான் தங்குச்சு. தினம் காலையில ஏழு மணிக்கு உங்க உடம்புக்குப் பத்து வயசு குறைஞ்சிடுது. அப்ப என்ன செய்றீங்க? நடக்கறீங்களா?"

"மேல்வீட்டு ஜெசிந்தாவோட சண்டை போடுவேன்" என்றேன். "எங்க தொட்டி நிறையறதுக்குள்ள தண்ணி மோட்டாரை நிறுத்திடுவா."

"விட்டுடாதீங்க. மாத்திரையைப் பாதியாக் குறைக்கிறேன்."

சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். ஆட்டோவில் ஏறியதும்தான் நினைவு வந்தது. ஜெசிந்தா இன்று மகள் வீட்டுக்கே குடிபோகிறாள். "உங்க வாயிலேருந்து தப்பிச்சேன்" என்று நேற்றுதான் சொன்னாள். "தொலைஞ்சா சரி" என்று நானும் சொல்லியிருந்தேன்.

வாசலில் வேன் நின்றது. ஆனால் அவளுடைய பீரோவை இரண்டு பேர் மாடிக்குத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, போகலையா?"

"ஏத்தின சாமானையெல்லாம் இறக்கச் சொல்லிட்டேன். எனக்கும் இன்னைக்குத்தான் டாக்டர்கிட்டேருந்து ரிப்போர்ட் வந்தது" என்றாள் என் கைப்பட்டையைப் பார்த்தபடி. அவள் கையிலும் அதே பட்டைதான்.

நான்தான் ஆரம்பித்தேன்.

"காலையில மோட்டாரை யாரு நிறுத்தினது?"

அவள் முகம் மலர்ந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏன், அது உங்க அப்பன் வீட்டு மோட்டாரா?"